கிரேக்கக் கடவுளரின் பொறாமையும் தண்டனையும்: எந்த இணையதளத்தில் படிக்கலாம்? தியோய், பெர்சியூஸ், டோப்போஸ்டெக்ஸ்ட் ஒரு மதிப்பீடு

கணவன் ஜீயஸின் காதலிகளைத் துரத்தித் துரத்தி வதைக்கும் ஹீரா, குளிப்பதைப் பார்த்தவனை மானாக்கிய ஆர்ட்டெமிஸ், தன்னைவிட நன்றாக நெய்தவளைச் சிலந்தியாக்கிய அதீனா. யூடியூபிலும் வாட்ஸப்பிலும் கிரேக்கப் புராணம் என்ற பெயரில் அதிகம் சுற்றுபவை இந்தக் கதைகள்தான். இது எந்த நூலில் இருக்கிறது, எழுதியவர் கிரேக்கரா ரோமரா, எந்த நூற்றாண்டு என்று திருப்பிக் கேட்டால் சொன்னவருக்கே பதில் தெரியாது. அந்தக் கேள்விகளுக்குப் பைசா செலவில்லாமல் பதில் தேடித்தர மூன்று இணையச் சேவைகள் இருக்கின்றன: தியோய், பெர்சியூஸ் டிஜிட்டல் லைப்ரரி, டோப்போஸ்டெக்ஸ்ட். மூன்றையும் இந்த ஒரே தலைப்பை வைத்து, அதாவது கடவுளரின் பொறாமையும் தண்டனையும் என்ற கோணத்தில் மட்டும், இங்கே எடைபோடுகிறோம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தியோயில் தொடங்குங்கள், பெர்சியூஸில் சரிபாருங்கள், ஊர் எங்கே மலை எங்கே என்று தெரிய வேண்டுமானால் டோப்போஸ்டெக்ஸ்டுக்குப் போங்கள். ஒன்றுதான் வேண்டும் என்றால் தியோய். ஆனால் அதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. அது தெரியாமல் மேலோட்டமாக உருட்டினால், யூடியூபில் கேட்ட அதே கதையைக் கொஞ்சம் கனமான ஆங்கிலத்தில் படித்ததுதான் மிச்சம்.

தியோய் 2000-ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் தளம். ஆரன் அட்ஸ்மா என்பவர் தொகுத்தது. பல்கலைக்கழகத் திட்டம் இல்லை, ஆனால் பல்கலைக்கழக மாணவர்களே இதைத்தான் முதலில் திறக்கிறார்கள். முக்கிய ஒலிம்பியக் கடவுளர் பலருக்கும் ஒற்றைப் பக்கத்தோடு நிறுத்தாமல் பல கிளைப் பக்கங்கள் இருக்கின்றன: காதல்கள், அருள், கோபம், வழிபாடு, பானை ஓவியங்கள் என்று. நமக்கு வேண்டியது ‘கோபம்’ என்ற தலைப்பில் உள்ள பக்கம். ஆர்ட்டெமிஸின் கோபப் பக்கத்தைத் திறந்தால் அவளிடம் மாட்டியவர்கள் எல்லாரும் அடுத்தடுத்து வருவார்கள். ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் பழைய நூல்களிலிருந்து மொழிபெயர்த்த பகுதிகள் இருக்கும். தளக்காரர் தன் சொந்த நடையில் கதை சொல்வது குறைவு. இந்தத் தளத்தின் முதல் பலமே அதுதான்.

இரண்டாவது பலம் மேற்கோளின் தலைப்பு வரி. நூலாசிரியர், நூல், பகுதி எண், மொழிபெயர்ப்பாளர், அது கிரேக்கமா ரோமானா, எந்த நூற்றாண்டு என்று ஆறு தகவல்கள் அந்த ஒரே வரியில் இருக்கும். பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டி நேரே கதைக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம். மேற்கோள்கள் எப்போதும் காலவரிசையில்தான் இருக்கும் என்றும் நம்ப முடியாது. முதலில் பக்கம் முழுக்கத் தலைப்பு வரிகளை மட்டும் ஓடவிட்டு, பழையதிலிருந்து புதியதற்கு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கதையை அதன் பிறகு படியுங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் கதையே வேறாகத் தெரியும்.

ஆக்டியோனை எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் தெரிந்த வடிவம் இது: வேட்டைக்குப் போன இளைஞன் ஆர்ட்டெமிஸ் குளிப்பதைத் தற்செயலாகப் பார்த்துவிடுகிறான், அவள் அவனை மானாக்குகிறாள், சொந்த நாய்களே அவனைக் கிழித்துப் போடுகின்றன. இப்போது தலைப்பு வரிகளைப் பாருங்கள். கி.மு. 6-ம் நூற்றாண்டுக் கவிஞர் ஸ்டெசிகோரஸ் சொன்னதாகப் பயண நூலாசிரியர் பவுசானியாஸ் குறிப்பிடும் வடிவத்தில் குளியலே கிடையாது. ஜீயஸின் காதலியான செமெலியை அவன் மணந்துவிடக் கூடாது என்பதற்காக ஆர்ட்டெமிஸ் அவன்மேல் மான்தோலைப் போர்த்தினாளாம். பழைய கிரேக்க எழுத்தாளர் அக்குசிலாவோஸ் சொன்னதாகப் புராணத் தொகுப்பாசிரியர் அப்போலோடோரஸ் தருவதும் ஏறக்குறைய இதே வழிதான்: செமெலிக்கு ஆக்டியோன் ஆசைப்பட்டான், அவள்மேல் கண் வைத்திருந்த ஜீயஸுக்குக் கோபம் வந்தது. யூரிப்பிடீஸின் நாடகத்தில், கி.மு. 5-ம் நூற்றாண்டின் கடைசியில், குற்றம் வேறு: ஆர்ட்டெமிஸைவிட நான் சிறந்த வேட்டைக்காரன் என்று அவன் பீற்றிக்கொண்டான். குளியல் நமக்கு முழுசாகக் கிடைக்கும் பழைய இடம் கி.மு. 3-ம் நூற்றாண்டின் கலிமாக்கஸ். அதைப் படம் பிடித்ததுபோல் விரித்து உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ரோமானியக் கவிஞர் ஓவிட்.

ஆக, முதலில் ஜீயஸின் பொறாமை, பிறகு மனிதனின் வாய்க்கொழுப்பு, அதன் பிறகுதான் தேவியின் மானம். முந்நூறு ஆண்டுகளில் குற்றம் இரண்டு முறை மாறியிருக்கிறது. தண்டனை மட்டும் நாய்களிடமிருந்து நகரவே இல்லை. இதை எந்தச் சுருக்கக் கதையும் சொல்லாது. தியோயில் ஒரே பக்கத்தை மேலிருந்து கீழே உருட்டினால் தெரிந்துவிடும்.

அதே பக்கத்தில் விட்டுவிடக் கூடாத இன்னொரு துணுக்கும் உண்டு, அப்போலோடோரஸ் சொல்வது. ஐம்பது நாய்கள் எசமானைத் தின்றுவிட்டு, அவனையே காணோம் என்று ஊளையிட்டுக்கொண்டு தேடின. தேடித்தேடி அவனை வளர்த்த கைரோனின் குகைக்கு வந்து சேர்ந்தன. கைரோன் ஆக்டியோனைப் போலவே ஓர் உருவம் செய்து வைத்தார், அதைப் பார்த்துத்தான் நாய்கள் அடங்கின. ஓவிட் முப்பதுக்கும் மேற்பட்ட நாய்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறார், ஆனால் இந்த முடிவு அவரிடம் இல்லை.

பானை ஓவியப் பகுதியைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் எந்த அருங்காட்சியகம், அதன் பதிவு எண், பாத்திர வகை, வரைந்தவர் என்று சொல்லப்படும் பெயர், காலம் எல்லாம் தரப்பட்டிருக்கும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பான் ஓவியர் வரைந்த கலவைப் பாத்திரம் ஒன்று உண்டு, பதிவு எண் 10.185, சுமார் கி.மு. 470. அதில் ஆர்ட்டெமிஸ் வில்லை வளைத்து நிற்கிறாள், உடை முழுசாக உடுத்தியிருக்கிறாள். ஆக்டியோன் கையை விரித்தபடி பின்னால் சாய்கிறான், நாய்கள் மேலே ஏறுகின்றன. குளமும் இல்லை, கொம்பும் இல்லை. எழுத்தில் தெரிந்த காலவரிசையை ஓவியமும் உறுதி செய்கிறது.

கல்லிஸ்டோ கதையில் இந்த முறை இன்னும் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே தண்டித்தது யார் என்பதே மாறுகிறது. ஆர்ட்டெமிஸின் தோழியான அவளை ஜீயஸ் கர்ப்பமாக்குகிறார், அவள் கரடியாகிறாள், அதுவரை எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். கரடியாக்கியது யார்? பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொன்னதாகப் பிற்காலத்து நட்சத்திர நூல் ஒன்று தரும் வடிவத்தில் ஆர்ட்டெமிஸ். அப்போலோடோரஸில் ஜீயஸே, மனைவி கண்ணில் படாமல் இருக்க. அதைக் கண்டுபிடித்த ஹீரா, அந்தக் கரடியை அம்பெய்து கொல் என்று ஆர்ட்டெமிஸைத் தூண்டுகிறாள். பவுசானியாஸிலும் ஓவிட்டிலும் கரடியாக்குவது ஹீராவே. ‘பொறாமைக்கார ஹீரா’ என்ற ஒற்றை வரியில் இவ்வளவும் மறைந்துபோகிறது. ஓவிட்டின் ஹீரா அதோடும் விடுவதில்லை. கல்லிஸ்டோ விண்மீன் ஆன பிறகு கடல் தெய்வங்களிடம் போய், இவளை உங்கள் நீரில் இறங்க விடாதீர்கள் என்று கேட்கிறாள். பெருங்கரடி விண்மீன்கூட்டம் அந்த நாட்டு வானத்தில் அடிவானத்துக்குக் கீழே போகாததற்கு இதுதான் காரணமாம்.

ஐயோவின் கதையிலும் இதே குழப்பம். பசுவாக்கியது ஜீயஸ் என்று சில நூல்கள், ஹீரா என்று எஸ்கிலஸின் நாடகம் ஒன்று. தைரீசியஸ் கண்ணிழந்தது ஹீராவாலா அதீனாவாலா என்பதிலும் அப்படியே. வேலைமுறை அதேதான் என்பதால் இவற்றை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மெடூசாவுக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இன்று அதிகம் திரிக்கப்படும் கதை அவளுடையது. ஹெசியட்டில் அவளுக்குத் தண்டனையே இல்லை. கோர்கன் சகோதரிகள் மூவரில் அவள் ஒருத்திக்குத்தான் சாவு உண்டு. வசந்த மலர்கள் பூத்த மென்புல்வெளியில் பொசைடன் அவளோடு படுத்தான், அவ்வளவுதான். அப்போலோடோரஸ், சிலர் சொல்வதாக ஒரு வரி போடுகிறார்: அழகில் தேவிக்கு ஈடு என்று சொல்லிக்கொண்டதால் அதீனாவுக்காக அவள் தலை போனது. கோயிலுக்குள் பொசைடன் அவளைக் கெடுத்தான், அதீனா அவள் கூந்தலைப் பாம்பாக்கினாள் என்பது ஓவிட். தியோயில் மூன்றும் இருக்கின்றன. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது.

ரோமானியக் கவிஞர்கள் மினெர்வா, ஜூனோ, டயானா என்றுதான் எழுதினார்கள். தியோய் அந்தப் பெயர்களுக்குப் பக்கத்திலேயே அதீனா, ஹீரா, ஆர்ட்டெமிஸ் என்று கிரேக்கப் பெயரை அடைப்புக்குள் சேர்த்துவிடுகிறது. புதிதாக வருபவருக்கு இது உதவிதான். ஆனால் அதைப் படித்துப் பழகியவர், ஓவிட் சொன்னதை ‘கிரேக்கர்கள் நம்பினார்கள்’ என்று எழுதிவிடுகிறார். அகஸ்டஸ் காலத்து ரோமில், அரசவைக்குப் பக்கத்திலிருந்து பின்னாளில் நாடுகடத்தப்பட்ட ஒரு கவிஞருக்குக் கடவுளரின் தண்டனை வெறி பற்றிச் சொல்ல அவருக்கே உரிய காரணங்கள் இருந்திருக்கலாம். அடைப்புக்குள் இருப்பதைக் கண்ணில் படாததுபோல் தாண்டிப் படிப்பதே நல்லது.

அராக்னி கதை இதற்குச் சரியான உதாரணம். விரிவான வடிவம் நமக்குக் கிடைப்பது ஓவிட்டின் ‘மெட்டமார்ஃபசிஸ்’ நூலில் ஆறாம் புத்தகத்தின் முதல் 145 வரிகளில்தான், முழுக்கதை சொல்லும் அதற்கு முந்தைய கிரேக்க நூல் எதுவும் கைக்கு வரவில்லை. கோபப் பக்கத்தில் சுருக்கமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், முழுப் பகுதியையும் படியுங்கள். போட்டியில் மினெர்வா நெய்யும் துணியின் நான்கு மூலைகளிலும் கடவுளரோடு மோதித் தண்டனை பெற்றவர்களின் படம். நடுவில் தான் வென்ற காட்சி. அராக்னி நெய்ததோ காளையாகவும் அன்னமாகவும் பொன்மழையாகவும் வந்து பெண்களை ஏமாற்றிய கடவுளரின் படங்கள். பொறாமையே நேரில் வந்தாலும் அதில் குறை சொல்ல முடியாது என்கிறார் ஓவிட். குற்றம் கண்டுபிடிக்க முடியாத தேவி துணியைக் கிழிக்கிறாள், கையிலிருந்த நாடாக்கட்டையால் அவள் நெற்றியில் மூன்று நான்கு முறை அடிக்கிறாள். அராக்னி தூக்கில் தொங்குகிறாள், தேவி அவளைச் சிலந்தியாக்குகிறாள். அகம்பாவத்துக்குத் தண்டனை என்று பாடம் சொல்லி முடிக்கும் சுருக்கக் கதைகளில் அந்த நாடாக்கட்டை அடி இருக்காது, துணியில் என்ன இருந்தது என்பதும் இருக்காது.

தியோயின் நடைமுறைக் குறைகள் சிலவற்றையும் சொல்ல வேண்டும். முதலாவது எழுத்துக்கூட்டல். கிரேக்க உச்சரிப்புக்கு நெருக்கமாக எழுதுவது தளத்தின் கொள்கை. ஆங்கிலப் புத்தகங்களில் சி வரும் இடத்தில் இங்கே கே வரும், யுஎஸ் என்று முடியும் பெயர்கள் ஓஎஸ் என்று முடியும். அகரவரிசைப் பட்டியலில் ஆக்டியோனையும் கல்லிஸ்டோவையும் காணவில்லை என்றால் கே-யை வைத்துப் பாருங்கள். அல்லது கூகுளில் வழக்கமான எழுத்துக்கூட்டலோடு தளத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், நேரே சரியான பக்கத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது, அப்போலோடோரஸின் எண்கள். இதில் மாட்டாதவர் குறைவு. கடவுளர் பக்கங்களில் ஆல்ட்ரிச்சின் மொழிபெயர்ப்பு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் தொடர் எண்ணோடு வரும். ஆக்டியோன் அங்கே 3.30. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஃபிரேசரின் பதிப்பில் அதே இடம் 3.4.4. தியோயின் எண்ணை எடுத்துக்கொண்டு போய்ப் பெர்சியூஸில் தேடினால் ஒன்றுமே கிடைக்காது. கட்டுரையிலோ வலைப்பதிவிலோ எழுதும்போது ஃபிரேசர் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அதே தளத்தின் நூலகப் பகுதியில் ஃபிரேசரின் 1921 மொழிபெயர்ப்பு முழுசாக இருக்கிறது, அதைத் திறந்து பெயரை வைத்துத் தேடுவது.

மூன்றாவது, மொழிபெயர்ப்புகளின் வயது. நூலகப் பகுதியில் முழு நூலாகக் கிடைப்பவை பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை: ஹெசியட்டுக்கு 1914, கலிமாக்கஸுக்கு 1921, ஓவிட்டுக்கு புரூக்ஸ் மோரின் 1922. பழைய பைபிள் வாடை அடிக்கும் ஆங்கிலம், பாலுறவு வரும் இடங்களில் பூசி மெழுகும் பழக்கம். வன்புணர்வு நடக்கும் இடத்தில் ‘அன்பு செய்தான்’ என்ற தொனியில் ஏதாவது வந்தால் உடனே நம்பிவிடாமல் மூலத்தைப் பாருங்கள். ஓவிட்டுக்குக் கடவுளர் பக்கங்களில் வரும் துண்டுகள் மெல்வில்லின் புதிய மொழிபெயர்ப்பு, நூலகத்தில் இருப்பது மோர். இரண்டையும் ஒரே நூல் என்று நினைத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டால் தலைசுற்றும்.

உலாவியின் தானியங்கித் தமிழ் மொழிபெயர்ப்பை இந்தப் பக்கங்களில் அழுத்தாமல் இருப்பது உத்தமம். நூறாண்டுப் பழைய செய்யுள் ஆங்கிலத்தில் எழுவாய் எங்கே பயனிலை எங்கே என்று அதற்குப் பிடிபடாது. யார் யாரைக் கொன்றார் என்பதே மாறிவிடும், தண்டனைக் கதையில் அதைவிட என்ன கெட வேண்டும்?

கடைசியாக, அமைப்பிலேயே உள்ள ஒரு குறை. தியோய் ஆட்களை வைத்துக் கட்டப்பட்டது. ஒரு தெய்வத்துக்கோ வீரனுக்கோ அரக்கிக்கோ பக்கம் உண்டு, ஒரு கருத்துக்கு இல்லை. பொறாமை என்ற உருவத்தெய்வத்துக்கே ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே கலிமாக்கஸில் அப்போலோவின் காதில் ஓதி அவரிடம் உதை வாங்கும் பொறாமையையும், நொன்னஸின் காவியத்தில் செமெலியின் விஷயத்தை ஹீராவிடம் போட்டுக்கொடுக்கும் பொறாமையையும் சந்திக்கலாம். ஆனால், உயர்ந்து நிற்கும் மனிதனைக் கண்டாலே கடவுளுக்குப் பொறுக்காது என்ற பழைய நம்பிக்கை எந்தத் தனித் தெய்வத்துக்கும் சொந்தம் இல்லை. அதற்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிடம் போக வேண்டும், அதற்கு வசதியான இடம் பெர்சியூஸ்.

பெர்சியூஸ் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் திட்டம். 1987-இல் பணி தொடங்கி, முதலில் குறுந்தகடாக வந்து, 1995-இல் இணையத்துக்கு வந்தது. தோற்றம் இன்றும் பழையதாகத்தான் இருக்கும். கணக்குத் தொடங்கவோ கட்டணம் கட்டவோ வேண்டாம். திறந்ததும் கிரேக்க ரோமானியத் தொகுப்புக்குள் போங்கள், ஆசிரியர் பெயரைத் தேர்ந்தெடுங்கள், நூலின் எண்ணைப் போடுங்கள். நடுவில் மூலம் வரும். வலப்பக்கப் பெட்டிகளில் ஆங்கிலமும் குறிப்புரைகளும் மூடியபடி இருக்கும், பக்கத்தில் உள்ள ‘லோட்’ என்ற சொல்லை அழுத்தினால் மூலத்துக்கு அருகிலேயே விரியும். புதியவர்கள் பலர் இந்தப் பெட்டிகளைக் கவனிக்காமல், கிரேக்கம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்து மூடிவிடுகிறார்கள்.

ஹெரோடோட்டஸில் மூன்று இடங்களை வரிசையாகப் படியுங்கள். 1.32-இல் செல்வச் செருக்கில் இருக்கும் லிடிய அரசன் குரோய்சஸிடம் ஏதென்ஸ் அறிஞர் சோலோன், தெய்வம் முழுக்கப் பொறாமை கொண்டது, குழப்பம் விளைவிப்பது என்கிறார். 3.40-இல் எகிப்திய அரசன் அமாசிஸ், எல்லாமே உனக்கு நல்லதாக நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை, உனக்கு மிகவும் பிடித்த பொருளை எறிந்துவிடு என்று சாமோஸ் தீவை ஆண்ட பாலிகிரேட்டஸுக்குக் கடிதம் எழுதுகிறான். அவன் கடலில் எறிந்த மோதிரம் மீன் வயிற்றில் திரும்பி வருகிறது. 7.10-இல் கிரேக்கத்தின்மேல் படையெடுக்கத் துடிக்கும் பாரசீக அரசன் செர்க்சிஸுக்கு அவன் சித்தப்பா அர்த்தபானஸ் எச்சரிக்கிறார்: இடி விழுவது பெரிய விலங்குகள்மேல், உயர்ந்த வீடுகள்மேல், நெடிய மரங்கள்மேல், சின்னவை கடவுளை உறுத்துவதில்லை. இங்கே காதலும் இல்லை, சக்களத்தியும் இல்லை. உயரம் ஒன்றுதான் குற்றம். ஹீராவின் பொறாமையைப் படித்தவர் இதையும் படிக்காவிட்டால் பாதிதான் தெரிந்துகொண்டவர்.

எதிர்வாதமும் அதே தளத்தில் கிடைக்கும். எஸ்கிலஸின் அகமெம்னான் நாடகத்தில் பாடற்குழு, பெருவாழ்வு மட்டுமே துன்பத்தைப் பெறாது, பாவச் செயல்தான் தன்னைப் போன்ற பிள்ளைகளைப் பெறுகிறது என்கிறது. பிளேட்டோ, ஃபீட்ரஸ் 247-இல், கடவுளரின் குழாமில் பொறாமைக்கு இடமே இல்லை என்று கதவைச் சாத்துகிறார். கடவுளரைப் பொறாமைக்காரர் என்று சொல்வதில் கிரேக்கர்களுக்குள்ளேயே சண்டை இருந்தது தெரிய இந்த இரண்டு இடங்கள் போதும்.

பெர்சியூஸின் பெரிய வசதி, மூலத்தில் எந்தச் சொல்லை அழுத்தினாலும் அதன் இலக்கண வடிவமும் அகராதிப் பொருளும் வருவது. கிரேக்கம் தெரியாதவருக்கும் இது பயன்படும், மொழிபெயர்ப்பாளர் பூசி மெழுகிய இடத்தைப் பிடிக்க. எச்சரிக்கை: ஒரே வடிவத்துக்கு நான்கைந்து இலக்கண விளக்கம் பட்டியலிட்டு, பக்கத்தில் வாக்கும் சதவீதமும் காட்டும். சதவீதம் அதிகமாக இருப்பதே சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது கணக்குப்படி போட்ட ஊகம். தேடுபெட்டியில் கிரேக்கச் சொல்லை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்வதற்கும் தனி முறை உண்டு: தீட்டாவுக்கு க்யூ, ஃபைக்கு எஃப், ப்சைக்கு ஒய். வழக்கமான ஆங்கில உச்சரிப்பில் டைப் செய்து ‘முடிவு இல்லை’ என்று வந்தால் காரணம் இதுதான்.

மோரின் ஓவிட் இங்கேயும் இருக்கிறது, இங்கேயும் ஒரு கண்ணி. ஆங்கிலத்தில் அவர் வரிகளை விரித்து எழுதியதால் ஆங்கில வரிக்கணக்கும் லத்தீன் வரிக்கணக்கும் ஒட்டாது. மேற்கோளுக்கு லத்தீன் எண்ணை மட்டுமே நம்புங்கள். அப்போலோடோரஸுக்கு ஃபிரேசரின் அடிக்குறிப்புகளை விடாதீர்கள். ஒரு கதைக்கு வேறு எந்தெந்த நூல்களில் வடிவங்கள் இருக்கின்றன என்று அவர் பட்டியலே போட்டுவிடுவார். தியோய் விட்ட இடங்களும் சில நேரம் அதில் அகப்படும்.

குறை, வேகம். நெரிசல் நேரத்தில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், நடுவில் பிழைச் செய்தியும் வரும். அப்போது ஸ்கைஃப் வியூவர் என்ற இதன் புதிய வாசிப்பகத்துக்கு மாறலாம். 2018-இல் வந்தது, பார்க்கத் தெளிவு, மூலமும் மொழிபெயர்ப்பும் அருகருகே. ஆனால் பழைய தளத்தில் உள்ள குறிப்புரைகள் எல்லாம் அங்கே இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கைபேசித் திரையில் பழைய பெர்சியூஸைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. மடிக்கணினியோ டேப்லெட்டோ இருந்தால் நல்லது.

டோப்போஸ்டெக்ஸ்ட் மூன்றிலும் இளையது. பிரேடி கீஸ்லிங் உருவாக்கி, பிரேயஸில் உள்ள ஐகட்டெரினி லஸ்கரிடிஸ் அறக்கட்டளையின் ஆதரவில் நடக்கிறது. இணையதளமாகவும் கைபேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால், அந்த இடம் பழைய நூல்களில் எங்கெங்கே வருகிறது என்று பட்டியல் வரும், அழுத்தினால் அந்தப் பத்தி. இங்கே கடவுளர் பெயரை வைத்துத் தொடங்காதீர்கள், இடத்தை வைத்துத் தொடங்குங்கள்.

மார்சியாஸைத் தேட வேண்டுமானால் கெலைனாய், இன்றைய துருக்கியின் தினார். அப்போலோவோடு இசைப்போட்டியில் தோற்று உயிரோடு தோலுரிக்கப்பட்டவன் அவன். யாழைத் தலைகீழாகப் பிடித்து வாசித்த அப்போலோ, நீயும் குழலை அப்படி வாசி பார்க்கலாம் என்று மடக்கிய கதை அப்போலோடோரஸ் 1.4.2-இல் இருக்கிறது. வரைபடத்தில் கெலைனாயைத் தொட்டால் ஹெரோடோட்டஸ் 7.26 வரும். செர்க்சிஸின் படை கடந்துபோன அந்த ஊர்ச் சந்தையில் மார்சியாஸின் தோல் தொங்கிக்கொண்டிருந்ததாக அவர் எழுதுகிறார். தியோயில் அது ஒரு தண்டனைக் கதை. இங்கே அதுவே ஓர் ஊர் தன் சந்தையில் காட்டி வைத்த பொருள்.

ஆக்டியோனுக்கு பிளாட்டியா. மெகாராவிலிருந்து வரும் வழியில் ஓர் ஊற்றும், ஆக்டியோனின் படுக்கை என்று அழைக்கப்பட்ட பாறையும் இருந்ததாக பவுசானியாஸ் 9.2.3-இல் சொல்கிறார். வேட்டையாடிக் களைத்து அதில்தான் படுப்பானாம்.

நையோபிக்கு சிப்பிலஸ் மலை, துருக்கியின் மனிசாவுக்கு அருகில். லெட்டோவுக்கு இரண்டே பிள்ளைகள், எனக்கு எத்தனை பேர் பார் என்று சொன்னதற்காக அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் அவள் பிள்ளைகள் எல்லாரையும் அம்பெய்து கொன்றார்கள். எத்தனை பேர் என்பதில்தான் நூலுக்கு நூல் தகராறு: ஹோமரில் பன்னிரண்டு, ஓவிட்டில் பதினான்கு, ஹெசியட் இருபது என்றார் என்கிறார் அப்போலோடோரஸ், ஹெரோடோரஸ் ஐந்தே பேர் என்றாராம். ஹோமர் இந்தக் கதையைச் சொல்லும் இடமும் வியப்பானது. மகனின் பிணத்தை வாங்க வந்து அழுதுகொண்டிருக்கும் பிரியாமிடம், நையோபிகூட அழுது ஓய்ந்து சாப்பிட்டாள், நீங்களும் சாப்பிடுங்கள் என்று அக்கிலீஸ் சொல்கிறான். இலியட் 24-ஆம் புத்தகம், 602-ஆம் வரியிலிருந்து. தண்டனைக் கதை அங்கே ஆறுதலாகப் பயன்படுகிறது.

சிப்பிலஸில் கல்லாகிப்போன நையோபியை நேரில் பார்த்ததாக பவுசானியாஸ் 1.21.3-இல் எழுதுகிறார். கிட்டே போனால் வெறும் செங்குத்துப் பாறை, பெண்ணும் இல்லை, அழுகையும் இல்லை. தள்ளி நின்று பார்த்தால் குனிந்து அழும் ஒருத்தி தெரிகிறாள். டோப்போஸ்டெக்ஸ்டில் இதைப் படிக்கும்போது ஒரு சிறு தொல்லை உண்டு. அந்தப் பத்தி இருப்பது ஏதென்ஸைப் பற்றிய பகுதியில், அதனால் வரைபடத்தில் ஏதென்ஸைச் சுற்றித் தேடிக்கொண்டிருப்பீர்கள். மலையின் பெயரை ஆங்கிலத்தில் தேடுபெட்டியில் போட்டு அங்கிருந்து உள்ளே போனால் நேராக வந்துவிடும்.